தண்ணீர் கேட்டு வந்தவர்

சன்னாசியைத் தூரத்தில் கண்டாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். ஆள் ஒன்றும் பயங்கரமானவர் இல்லை. ஒல்லி உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், சிரித்தால் இரண்டு கண்ணும் காணாமல் போகும் முகம். ஆனால் அவர் பார்த்த வேலை அப்படி. இலங்கைத் தேயிலை மலையில், அப்புத்தளைக்கு மேலே மேட்டுத் தோட்டத்தில் யார் செத்தாலும், மற்றத் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. கேதம் சொல்லப் போவது என்பார்கள். அவருடைய அப்பா செய்தார், அதற்கு முன்பு தாத்தா செய்தார். ரயிலும் தந்தியும் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் தந்தி ஆபீஸிலிருந்து கடுதாசி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் பிணம் மண்ணுக்குள் போய்விடும். சன்னாசி குறுக்குப்பாதையில் இறங்கினார் என்றால் வெயில் ஏறுவதற்குள் கீழே கொஸ்லந்தையில் நிற்பார்.

அந்த வேலைக்கு என்று ஒரு முறை இருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கையில் கம்பு இருக்க வேண்டும். லயத்துக்குள் நுழையாமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். சேதியைச் சொல்லி முடிக்கும்வரை அந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்துப்போனார் என்று வாயால் சொல்லவே கூடாது. "கொஞ்சம் முடியாம இருக்கு, ஒடனே வரச் சொன்னாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அவ்வளவு போதும். அடுத்த நிமிஷம் ஒப்பாரி கிளம்பிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு கூத்தும் இருந்தது. சேதி சொல்லி முடித்த பிறகும் பல லயங்களில் சன்னாசிக்குச் செம்பு கொடுக்க மாட்டார்கள். கையைக் குவிக்கச் சொல்லி, எட்ட நின்று ஊற்றுவார்கள். எல்லோரும் ஒரே துரையிடம் ஏச்சு வாங்கி, ஒரே மாதிரி ஒற்றை அறைக் காம்பராவில் முடங்கிக் கிடக்கிற ஜனம்தான். வரும்போது சட்டி பானையைக்கூடக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள், சாதியை மட்டும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சன்னாசி குடித்துவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வெள்ளைக்காரன் போய், ஓட்டுரிமையும் பறிபோய், இந்த நாடா அந்த நாடா என்று ஜனம் திண்டாடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வியாதியிலும் வயதிலும் செத்தவர்களின் சேதியைச் சுமந்து பழகிய சன்னாசிக்கு, அந்த வருஷங்களில் வேறு மாதிரிச் சேதிகளும் வரத் தொடங்கின. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்களின் சேதி. அதைச் சுமப்பது கனமாக இருந்தது. சாக முயன்று பிழைத்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கிற சட்டம் வேறு இருந்தது. அதனால் வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தெரிந்தால் குடும்பமே வாயைப் பொத்திக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு அதே வாயைத் திறந்து அழும்.

அப்படி ஒரு சேதியைக் கொண்டுபோன இடத்தில்தான் ஒரு தாய் அவரிடம் அந்த வார்த்தையைக் கேட்டாள். மகளை மேட்டுத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த பிறகு கொஸ்லந்தைப் பக்கம் தனியாக இருந்த கிழவி அவள். சன்னாசி முறைப்படி சொல்லி முடித்தார். அவள் அழவில்லை. அடுப்புக்கு ஒடித்துக்கொண்டிருந்த சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"இத நேத்து வந்து சொல்லியிருக்கக் கூடாதா சன்னாசி? எம்புள்ள உசுரோட இருக்கயில ஒருத்தரும் வந்து சொல்லலியே. தவழ்ந்தாவது வந்திருப்பேனே."

அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி சன்னாசியின் நெஞ்சில் முள் மாதிரிக் குத்தி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் பெண்டாட்டி பெரியாயி, "என்ன, சோத்துக்குக் கேதம் சொல்றீங்களா? தின்னுங்க" என்று அதட்டிய பிறகுதான் கை வாய்க்குப் போனது.

பெரியாயியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் இந்த மலையில் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். கொழுந்து கிள்ளும்போதும் வாய் ஓயாது. கை அதைவிட ஓயாது. யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று புகையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சன்னாசி சாவுச் சேதியோடு அலைந்து வந்தும் மனிதராக இருந்தார் என்றால் அது அவள் புண்ணியம்.

ராக்காயி விஷயம் அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் நடந்தது. மேட்டுத் தோட்டத்து மேல் லயத்தில் தனியாக இருந்த இளம்பெண் அவள். புருஷன், ஊருக்குப் போய் நிலைமையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறியவன், திரும்பவுமில்லை, ஒரு வரி எழுதவுமில்லை. கைக்குழந்தையைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதற்கு முன்பும் ஒரு குழந்தை தங்கவில்லை. ராசியில்லாதவள் என்று நாலுபேர் காதுபடவே சொன்னார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தோட்டத்தில் மற்றவர்களின் சின்னப் பிள்ளைகள்கூட அவரைச் சன்னாசி என்று பேர் சொல்லித்தான் கூப்பிடும். ராக்காயி மட்டும் அண்ணே என்பாள்.

ஒரு நாள் வேலை விட்டு வரும் நேரம். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே விழும் பீலியில் சன்னாசி கால் கழுவிக்கொண்டிருந்தார். ராக்காயி குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"சன்னாசியண்ணே, கொஸ்லந்தைக்குப் போற குறுக்குப்பாதையில மண்ணு சரிஞ்சிருக்காமே. நீங்க எப்படிப் போவீங்க?"

"சுத்திப் போவேன் தாயி. இல்லன்னா ஏறிக் குதிச்சுப் போவேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. எங்கண்ணன் பொன்னையா கொஸ்லந்தைப் பக்கம் பள்ளத்துத் தோட்டத்துல இருக்காரு, தெரியும்ல? பகல்ல லயத்துப் பக்கம் போகாதீங்க, ஆள் இருக்காது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டற மலைக்கு நேரா போயிருங்க. மதினிக்கு நெஞ்சு படபடப்பு உண்டு. அதுகிட்ட மொதல்ல சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டுக் குடத்தைப் பீலியில் பிடித்தாள். அவள் காதைப் பார்த்தார் சன்னாசி. தோடு இல்லை. முந்தின நாள் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு அதைச் சும்மா கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று பெரியாயி சொல்லியிருந்தாள். கொடுத்த கை கொடுக்கட்டும் என்று அவர் அப்போது விட்டுவிட்டார். இப்போது கால் கழுவுவதை நிறுத்தினார். தோட்டத்தில் யாரும் சாகக் கிடக்கவில்லை. பிறகு யாருடைய சேதியைச் சொல்லப் போவதற்கு இவள் வழி சொல்கிறாள்?

அப்படிப்பட்டதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்டால் இல்லாத நினைப்பையும் உண்டாக்கிவிடும் என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னபடி கேட்டுத்தானே இத்தனை சேதி சுமந்தோம் என்று சன்னாசிக்குக் கோபம் வந்தது. நேராகவே கேட்டார்.

"தாயி, சாகணும்னு நெனைக்கிறியா?"

குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"இத்தன நாளா யாரும் இதக் கேக்கலண்ணே," என்றாள்.

பிறகு பீலிக்கல்லில் உட்கார்ந்து அழுதாள். சன்னாசி எதிர்க்கல்லில் உட்கார்ந்தார். 'சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே' என்று அதட்டவில்லை. 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா' என்று கணக்குக் காட்டவுமில்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தூக்கமே இல்லை என்றாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தன் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அண்ணனுக்கும் பாரமாக இருக்க மனசு வரவில்லை என்றாள். எல்லாம் சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. பொலிசுக்குத் தெரிஞ்சா..."

"ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் தாயி. சேதி தெரிஞ்சா சொல்லாம இருக்க எனக்கு வராது. எங்கப்பன், எங்க தாத்தன் யாருக்குமே வந்ததில்ல. யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் நீ சொல்லு."

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "எங்கண்ணன்கிட்ட," என்றாள்.

சன்னாசி குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைத் தன் லயத்துக்கு அழைத்துப் போனார். பெரியாயி ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். "வாடி, கீரை ஆய ஆளில்லாம கெடக்கேன்" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிடித்த கையை மறுநாள் சாயங்காலம்வரை அவள் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாடும் படுக்கையும் பக்கத்திலேயே. மலையில் கொழுந்து கிள்ளும்போதும் அடுத்த நிரை.

சன்னாசி நேரே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். மருந்து கொடுக்கிற அம்பலவாணர் யாழ்ப்பாணத்து மனிதர். ஜனங்களுக்கு அவர்தான் டாக்டரய்யா.

"என்ன சன்னாசி, ஆர் செத்தது?" என்றார் எடுத்த எடுப்பில்.

"யாரும் சாகலீங்க. சாகறதுக்கு முன்னாடி வந்திருக்கேன்."

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். "நல்ல வேலை செய்தாய். உதுவும் ஒரு வருத்தம்தான், காய்ச்சல் மாதிரி. வெக்கப்பட ஒண்டும் இல்லை. பொலிஸ் எண்டு பயப்பிடாதை, அவள் ஒண்டும் செய்யேல்லையே. நாளைக்கு நான் வந்து பாக்கிறன். நித்திரைக்கு மருந்து குடுப்பம். பதுளை ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் இருக்கிறார், பிறகு அங்க கொண்டுபோய்க் காட்டுவம். அதுவரைக்கும் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ." அதோடு நிற்காமல், தோட்டத்துச் சாமான் கொட்டிலுக்கு நல்ல பூட்டாகப் போடச் சொல்லி அன்றைக்கே ஆள் அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டில் கங்காணியிடம் லீவு கேட்டார் சன்னாசி.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகலீங்க. சாகக் கூடாதுன்னுதாங்க போறேன்."

கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இழவுக்குத்தான்டா லீவு. இழவு வராம இருக்கறதுக்கெல்லாம் தொரை லீவு குடுக்க மாட்டாரு." மீசையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போ. ஆனா இன்னைக்கு ஒனக்குப் பேரு போட மாட்டேன்" என்றார். ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று சன்னாசி கிளம்பினார்.

போகும்போதே யோசித்துத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். சாவுச் சேதி இல்லை என்று பார்த்ததும் தெரிய வேண்டுமே. ஆனால் மண் சரிந்த இடத்தில் கையாலும் காலாலும் ஏற வேண்டியிருந்தது. துண்டு கண்ணை மறைத்தது. அவிழ்த்து, பழக்கத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டார். அதோடு மறந்தும் போனார். பள்ளத்துத் தோட்டத்து மலைக்கு வந்ததும் கால் தானாக நின்றது, வழக்கமாக நிற்கிற தூரத்தில். கம்பை ஊன்றிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"பொன்னையாண்ணே! ராக்காயி உசுரோடதான் இருக்கு. கொஞ்சம் முடியல. ஒடனே வாங்க!"

பிறந்ததிலிருந்து கேதம் சொல்லிப் பழகிய வாய். அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மலை முழுக்க அழுகை வெடித்தது. பொன்னையா கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளிய பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். "அய்யய்யோ, சாகல, நெசமாத்தான் சாகல!" என்று சன்னாசி கத்தினார். "பாவம், அந்த ஆளுக்கே தாங்கல" என்று ஒருத்தி அவருக்கும் சேர்த்து அழுதாள். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு உயிரோடு இருக்கிறாள் என்று சத்தியம் செய்தாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அழுகை கூடியது.

நொடியில் லயமே கிளம்பிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை இல்லாமல் பெண்பிள்ளையை அனுப்பக் கூடாதே என்று ஒருவர் கடைக்கு ஓடினார். அரிசி, தேங்காய், ஊதுபத்தி, தப்பு மேளம் எல்லாம் வந்தன. அப்புத்தளைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்த இப்றாஹீம் நாநா, அழுகையைக் கேட்டு லொறியை நிறுத்தினார். "தங்கச்சி மவுத்தா? ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று மூட்டைகளைத் தள்ளி இடம் செய்தார். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, சேலையும் தேங்காயும் தப்புமாகச் செத்த வீட்டுக் கூட்டம் மலையேறியது. மூலையில் சன்னாசி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு கேதத்தை அவர் பரம்பரையிலேயே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொழுது சாயத் தொடங்கிய நேரத்தில் லொறி மேட்டுத் தோட்டத்து லயத்தடியில் நின்றது. மதினி முதல் ஆளாக இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"கூடப்பொறவாத கொழுந்தே – ஒன்னக்
கூட்டிவர மறந்தேனே..."

பெரியாயியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராக்காயி எழுந்து வெளியே வந்தாள். மதினியின் குரல் அவளுக்குத் தெரியும். அழுகையில் தன் பெயர் வருவதும் கேட்டது. அண்ணன் தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்த்தாள். பாரமாக இருப்போமே என்று அவள் பயந்த அண்ணன், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இவர்கள் எல்லாம் தனக்காகவா இப்படி? அவள் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"அண்ணே," என்றாள்.

தப்பு நின்றது. மதினியின் பாட்டு பாதியில் நின்றது. பொன்னையா அவளைப் பார்த்தார். திரும்பிச் சன்னாசியைப் பார்த்தார். "நான் அப்பயே சொன்னேன்," என்றார் சன்னாசி மெதுவாக. பொன்னையா ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு, லொறியில் அழுததைவிடப் பெரிதாக அழுதார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி? சும்மா வான்னா வரமாட்டனா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மதினி அவளுடைய முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே.

சிரித்து ஓய்ந்ததும் கோடிச்சேலைப் பிரச்சினை வந்தது. சாவுக்கு எடுத்த சேலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. எரிப்பதா, கோயிலில் போடுவதா என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். ராக்காயி எல்லோரையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத்தானே எடுத்தீங்க. குடுங்க, கட்டிக்கறேன்."

அவளாக ஒன்றை வேண்டும் என்று கேட்டது வெகுநாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பெரியாயி சட்டென்று சேலையைப் பிடுங்கி, அண்டாவில் மஞ்சளைக் கரைத்து முக்கினாள். "இப்ப நல்ல காரியச் சேலை. யாராச்சும் வாயத் தெறந்தீங்கன்னா பாத்துக்கங்க" என்றாள். யாரும் திறக்கவில்லை.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அம்பலவாணர் மருந்து கொடுத்தார். பொன்னையாவும் மதினியும் அவளைப் பதுளைக்குப் பலமுறை அழைத்துப்போய் அந்த டொக்டரிடம் காட்டினார்கள். சில நாள் பேசாமல் படுத்தே கிடப்பாள். அப்படிப்பட்ட நாளில் மதினியிடம் 'இன்னைக்கு முடியல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. சொன்னால் மதினி வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருப்பாள். மாதங்கள் போனபின் அந்த வார்த்தை குறைந்தது. பள்ளத்துத் தோட்டத்திலேயே ராக்காயிக்கு வேலையும் கிடைத்தது.

லொறியில் வந்த அன்றைக்குத் தங்கையை அழைத்துக்கொண்டு திரும்பும்போது பொன்னையா சன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "ஒங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும். ஆனா இனிமே இப்படி உசுருக்காகப் போனீங்கன்னா தூரத்துலயே ஒரு அடையாளம் காட்டுங்க சாமி. நெஞ்சு வெடிச்சிரும்."

சன்னாசி யோசித்தார். துண்டு சரிவராது, மறந்துபோகிறது. வாய்க்கும் வேறு வார்த்தை வராது. கேதம் சொல்ல வந்தவன் எதைச் செய்யவே மாட்டான்? தண்ணீர் குடிக்க மாட்டான். அப்படியானால் வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டுவிட்டால் முடிந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர் வழக்கம். லயத்தைப் பார்த்துவிட்டால் தூரத்திலிருந்தே, "தண்ணி குடுங்க!" என்று சத்தம் போடுவார். சன்னாசி தண்ணி கேட்டுக்கொண்டு வருகிறார் என்றால் உயிர் இருக்கிறது, உடனே போனால் காப்பாற்றலாம் என்று கொஸ்லந்தையிலிருந்து அப்புத்தளைவரை தெரிந்துபோனது. முதலில் கையில்தான் ஊற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற வந்தவரிடம் எட்ட நின்று ஊற்றுவதற்குச் சிலருக்குக் கை கூசியது. செம்பு வந்தது. சில வீடுகளில் கடைசிவரை வரவில்லை. அவர் அதற்காக ஒரு வீட்டையும் ஒதுக்கவில்லை.

ஜனங்கள் அவரைத் தேடி வரவும் தொடங்கினார்கள். மனசு உடைந்தவர்களை டாக்டரய்யாவிடம் கையைப் பிடித்து அழைத்துப் போவார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு இடிந்துபோனவனுக்குத் தொழிற்சங்க ஆபீஸைக் காட்டுவார். குடியால் சீரழிந்த ஒருவனைக் கீழே சிங்களக் கிராமத்துப் புத்த மடமான பன்சலைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த பிக்கு ஹாமுதுருவோடு பேச வைத்தார். யாருக்கு யார் வேண்டும் என்பதைப் பெரியாயிதான் சொல்வாள். கால் மட்டும் அவருடையது. ஒரு முறை அவர் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று தண்ணீர் கேட்காமல் நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தார். மறுவாரம் இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்தபோது மறுபேச்சு இல்லாமல் கம்பை எடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து கொஞ்ச காலத்தில் பெரியாயி போய்ச் சேர்ந்தாள். இருமல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சன்னாசியின் காம்பராவில் சத்தமே இல்லாமல் போனது. ஊருக்கெல்லாம் சேதி சுமந்தவருக்கு இந்த ஒன்றைச் சுமக்கத் தெரியவில்லை. வேலைக்குப் போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை. புகையைப் பார்த்துச் சொல்வதற்கும் அவள் இல்லை. வயசான மனுஷன், கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பான் என்று ஜனம் விட்டுவிட்டது.

ஒரு நாள் மட்டும் ரோட்டுக்கு வந்து இப்றாஹீம் நாநாவின் லொறியை மறித்தார். கம்பை நீட்டினார்.

"இந்தாங்க நாநா. எங்க தாத்தன் காலத்துக் கம்பு. இனிமே எனக்கு வேணாம்."

நாநா வாங்கிக்கொண்டார். வளைவு தாண்டியதும் லொறியை ஓரமாக நிறுத்தினார். தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்ணின் கதையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. வியாபாரத்தை மறந்து நேரே கொஸ்லந்தைக்கு லொறியை விட்டார்.

மறுநாள் காலை பனி விலகிக்கொண்டிருந்தது. சன்னாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளியே சற்றுத் தள்ளி ஒரு குரல் கேட்டது.

"தண்ணி குடுங்கண்ணே!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையை அவர் வாய்தான் சொல்லியிருக்கிறது, அவர் காது கேட்டதில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ராக்காயி நின்றாள். பின்னால் பொன்னையா. அதற்கும் பின்னால் லொறியில் சாய்ந்துகொண்டு இப்றாஹீம் நாநா, கையில் கம்பு.

"யாரு தாயி செத்தது?" என்றார் சன்னாசி. பழக்கம் விடவில்லை.

"யாரும் சாகலண்ணே. அதுக்குத்தான் வந்திருக்கேன். மொதல்ல தண்ணி குடுங்க."

பானையில் தண்ணீர் இல்லை. எத்தனை நாளாக இல்லையோ. தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அதை அவரைவிட யாருக்குத் தெரியும்? செம்பை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தார். வெயிலில் கண் கூசியது. நிரப்பிக்கொண்டு வந்து, அவள் கையைக் குவிப்பாள் என்று செம்பைச் சாய்த்துப் பிடித்தார். அவள் செம்பையே வாங்கி, அவர் வாசற்படியில் உட்கார்ந்து, வாய் வைத்துக் குடித்தாள். லயத்துச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பாதி குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

சன்னாசி வாசற்படியில் உட்கார்ந்தார். "ஆமா தாயி," என்றார். பெரியாயி போன பிறகு அவர் அழுதது அப்போதுதான்.

ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாநா டாக்டரய்யாவைக் கூட்டிவரப் போனார். பொன்னையா அடுப்பை மூட்டினார். அவர்கள் யாரும் அன்று திரும்பிப் போவதாக இல்லை என்று சன்னாசிக்குப் புரிந்தது. எத்தனையோ வாசலில் நின்று சொன்ன வார்த்தை தன் வாசலுக்கும் நடந்து வந்ததே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கையெடுத்துக் கும்பிட்டார். ராக்காயி அந்தக் கையைப் பிடித்து இறக்கி, காலிச் செம்பை அதில் வைத்தாள்.

"கஞ்சிக்குப் பத்தாதுண்ணே. இன்னும் ஒரு செம்பு கொண்டாங்க."

சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பீலிக்குப் போனார்.